சஷ்டி வாரத்து வேட்டை

கார்க் கதவைத் திறப்பதற்கு முன் கஜனி அக்கா திருநீறு பூசிக்கொள்வார். விரலில் ஒட்டிய மீதியைத் தட்டிவிடமாட்டார். கையை முகத்துக்கு நேரே நீட்டி, கட்டைவிரலால் மெல்ல உரசி உதிர்ப்பார். பொடி எந்தப் பக்கம் போகிறதென்று பார்ப்பார். "வடமேல் காத்து," என்பார் தனக்குள். பிறகுதான் சீற் பெல்ற். நாங்கள் நிற்பது ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் கார் தரிப்பிடம். காற்றால் எங்களுக்கு ஆகவேண்டிய காரியம் எதுவும் அங்கே இல்லை.

அக்கா கார் ஓட்டப் பழக்குகிறவர். நான் அவர் வீட்டு பேஸ்மென்டில் குடியிருப்பவன், அவரிடமே பழகுகிறவன். "பிரேக்கை மிதிக்காதையும் தம்பி, சருகிலை கால் வைக்கிற மாதிரி வையும்," என்பார். ஹைவேயில் பெரிய லொறி பக்கத்தில் வந்தால், "உவன் யானை. நாங்கள் ஒதுங்குவம். மானம் ஒண்டும் போகாது."

எல்லாம் அவருடைய அப்பா இரத்தினவேலிடமிருந்து வந்தது. வன்னியில் வேட்டைக்குப் போனவர், இங்கே ரெஸ்ரோரன்றில் கோப்பை கழுவிய காலத்திலேயே வேட்டை லைசென்ஸ் எடுத்து, இந்த நாட்டுக் காட்டுக்கும் போகத் தொடங்கிவிட்டார். ஆண் பிள்ளை இல்லை. கஜனியைக் கூட்டிப்போனார். பெட்டைப்பிள்ளையைக் கெடுக்கிறார் என்றார்கள் சொந்தக்காரர்கள். "கெட்டுத்தான் போனன்," என்று அக்கா சிரிப்பார். இப்போது இரத்தினவேலுக்கு முழங்கால் ஏலாது. மார்க்கம் நகரில் மற்ற மகள் வீட்டில் இருந்துகொண்டு, வேட்டைக் காலமான நவம்பர் முழுக்க போன் எடுத்து விசாரிப்பார்.

அக்காவின் மகள் மயூரிக்கு இந்த வருடம் பதின்மூன்று வயது. வேட்டை பழகுகிறவர்களுக்கான லைசென்ஸ் கிடைத்திருந்தது. பெரியவர் ஒருவர் கூட இருக்கவேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே துவக்கு. அக்கா மாதக்கணக்கில் பாடம் நடத்தினார். மயூரி இயர்போனைக் கழற்றாமலே தலையாட்டினாள்.

"உவளுக்குப் பிடிக்காட்டி இது என்னோடை முடிஞ்சுது, தம்பி," என்றார் அக்கா ஒருநாள், சிவப்பு விளக்கில் நிற்கும்போது. பச்சை விழுந்தும் நான் காரை எடுக்கவில்லை. அவரும் ஏசவில்லை.

இடைஞ்சல் முருகனிடமிருந்து வந்தது. மான் வேட்டை வாரமும் கந்தசஷ்டியும் ஒன்றாக விழுந்தன. ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் என்பதை அக்கா விடமாட்டார். வேட்டையையும் விடமாட்டார். கோயிலில் யாரோ முகம் சுளித்தபோது, "வள்ளி வேடன்ரை மகள். அவளைக் கட்ட அவரே வேடன் வேஷம் போட்டவர். என்னைக் குறை சொல்ல அவருக்கு என்ன முகம்?" என்றாராம். இறைச்சி மட்டும் மேலே வீட்டுக்குள் வரக்கூடாது. ஆகையால் என் ஃப்ரீசரைக் காலியாக்கச் சொன்னார். கொடியில் செம்மஞ்சள் வேட்டைச் சட்டையும் கோயில் சேலையும் தோளோடு தோளாகக் காய்ந்தன.

தாயும் மகளும் பான்க்ரொஃப்ட் காட்டுப் பக்கம் போய்த் தங்கி, சூரன்போருக்கு நேரத்துக்குத் திரும்பினார்கள். வெறுங்கையோடு.

"வந்தது தம்பி. இந்தா, உந்த வேலி மட்டும்தான் தூரம். கொம்பெண்டால் என்ன கொம்பு! துவக்கு இவளின்ரை கையிலை. 'சுடடி, சுடடி' எண்டு காதுக்குள்ளை சொல்லுறன். கல்லு மாதிரி இருந்தாள். அது ஓடிப் போட்டுது."

மயூரி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, முதல்லை எனக்குச் சாப்பாடு," என்றாள்.

போன் அடித்தது. "பிறகு எடுக்கிறன் அப்பா, கோயிலுக்கு வெளிக்கிடுறம்," என்று அக்கா சட்டென்று வைத்துவிட்டார். அடுத்த பாடத்தில் யானையும் இல்லை, சருகும் இல்லை. "இடம். வலம். நிப்பாட்டும்." அவ்வளவுதான்.

சில நாள் கழித்து மயூரி உடுப்புத் தோய்க்கக் கீழே வந்தாள். என் வெறும் ஃப்ரீசரைத் திறந்து பார்த்து, "ஸொறி அண்ணா," என்று சிரித்தாள்.

"பயந்திட்டீரோ?" என்றேன்.

"பயமோ? சீரியஸ்லி? அது பெட்டை மான் அண்ணா. எங்கடை பர்மிட் கொம்பு வைச்ச மானுக்கு மட்டும்தான். அம்மா கண்டது பின்னாலை நிண்ட மரக்கொப்பு. நான் வடிவாப் பாத்தனான். தலை திரும்பினது, கொம்பு திரும்பேல்லை. ஆறு நாள் சாப்பிடாமல் இருந்தால் ஆருக்கும் கொம்பு தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"பாறணை முடியட்டும் எண்டு விட்டனான். பசியிலை அவவோடை கதைக்கேலாது." மெஷினுக்குள் உடுப்பைத் திணித்தாள். "நேற்றுத்தான் சொன்னன். அடுத்த வருஷம் விரதம் முடிஞ்சாப் பிறகு போவம் எண்டும் சொன்னன்."

அம்மா என்ன சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. டிசம்பரில் நத்தார் லீவுக்கு இரத்தினவேல் வந்திருந்தபோதுதான் அது தெரிந்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு என் பக்கம் சாய்ந்து, பெருமை தாங்காமல் சொன்னார்:

"உவள் கஜனி சூரன்போர் முடிஞ்சு சில நாளாலை போன் எடுத்துச் சொன்னவள், தம்பி. தாயும் மகளும் ஒரே நேரத்திலை அது பெட்டை மானெண்டு கண்டிட்டினமாம்."