ஃபோகஸ் பின்னால் போன படம்

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் படம் எடுப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற பிழைப்பு. கேமரா தூக்கி வயிறு வளர்க்கும் சகபாவிகளே, தென்காசியில் கல்யாணம், காதுகுத்து என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஸ்டூடியோவுக்குள் இந்த இன்ஃப்ராரெட் சனியனை நானேதான் காசு கொடுத்துக் கூட்டிவந்தேன். லென்ஸ் முன்னால் திருகுகிற ஒரு கறுப்பு ஃபில்டர், அவ்வளவுதான். அதை மாட்டினால் மரமெல்லாம் வெள்ளை, வானம் கறுப்பு. மாட்டிய பிறகு வியூஃபைண்டரில் ஒரு மண்ணும் தெரியாது.

ஐந்தருவியில் ஆளில்லை

முதல் படம் ஐந்தருவியில். சீசன் கூட்டம் நெரிந்தது. இந்த ஃபில்டருக்கு ஷட்டர் வெகுநேரம் திறந்திருக்க வேண்டும். அசைகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள். திரையில் பார்த்தேன். அருவி இருக்கிறது, வெள்ளை மரங்கள் இருக்கின்றன, ஒரு மனுசனைக் காணோம். ஓரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போன எண்ணெய் மசாஜ்காரர் மட்டும் கல்லுப்போல இருந்தார்.  அவரை எழுப்பிக் காட்டினேன். படத்தை உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்:

"ஏலே, அம்புட்டுப் பேரும் எங்கல போனாங்க? என்ன மட்டும் ஏன் விட்டுட்டுப் போனாங்க?"

அசையாமல் நிற்கிற உத்தியோகம்

அந்தப் படத்தை ஸ்டூடியோவில் மாட்டியிருந்தேன். அதைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர் மாரியப்பன், பண்பொழிக்காரர், ராணுவத்தில் இருக்கிறார். லீவு முடிந்து மறுநாள் கிளம்புகிறார். கல்யாண நாளுக்காக மனைவி செல்வியோடு ஒரு படம் வேண்டும். பென்ஷனுக்கான சர்வீஸ் முடிந்துவிட்டது. ஆனாலும் இந்தத் தடவை போய் இன்னும் கொஞ்ச காலம் நீட்டிக் கையெழுத்துப் போடப்போகிறார். செல்விக்கு அதில் சம்மதமே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

திருமலைக் கோயில் மலை தெரிகிற மாதிரி வயல்வரப்பில் நிறுத்தினேன். செல்வி கல்யாணத்து அரக்குப் பட்டு கட்டி, வகிட்டிலும் நெற்றியிலும் குங்குமம் வைத்திருந்தாள். மாரியப்பன் ஓரடி முன்னால் விறைப்பாக நின்றார். அவர் முகத்தில் ஃபோகஸ் வைத்து ஃபில்டரைத் திருகினேன். "மூச்சு விடலாம், அசையக் கூடாது" என்றேன்.

செல்வி சொன்னாள்: "அசையாம நிக்க இவியளுக்குச் சொல்லியா தரணும்? சம்பளமே அதுக்குத்தான!"

பிரிண்ட் வாங்க வந்த அம்மா

தொழில் தெரிந்தவன் செய்யக் கூடாத தப்பு அது. இந்த வெளிச்சத்துக்கு ஃபோகஸ் வேறு. ஆள்மேல் ஃபோகஸ் வைத்துவிட்டு, வளையத்தை ஒரு மயிரிழை கிட்டத்துக்குத் திருப்ப வேண்டும். மறந்தால் ஆள் மங்கிவிடுவார், பின்னால் இருப்பது பளிச்சென்று விழும். மறந்துதான் தொலைத்தேன். சின்னத் திரையில் அது தெரியவும் இல்லை.

மாரியப்பன் ரயிலேறிய பிறகு பிரிண்டை வாங்க அவர் அம்மா இசக்கியம்மாளும் செல்வியும் வந்தார்கள். லேபிலிருந்து வந்த உறையைப் பிரிக்காமலே வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தபோதுதான் எனக்கும் உறைத்தது. கறுத்த வானம். வெளுத்த வயல். நடுவில் செல்வி, இமைமுடி எண்ணலாம், அவ்வளவு துல்லியம். அரக்குப் பட்டு வெள்ளைச் சேலையாகியிருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை, வகிட்டில் குங்குமம் இல்லை. அவளுக்கு முன்னால் ஆள் உயரத்துக்குப் புகையாக ஏதோ நின்றது. சிவப்புச் சாயம் இந்த வெளிச்சத்தில் வெளுத்துத்தான் விழும் என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். இசக்கியம்மாள் படத்தைக் குப்புறப் போட்டாள்.

"எய்யா, சேல வெளுத்ததுக்குக் காரணம் சொல்லுத. எம்மவன் கரைஞ்சதுக்கு என்ன சொல்லுத?"

கூர்மையாக்கப் பார்த்தது

அதற்குப் பிறகு மாரியப்பனிடமிருந்து போன் வரவில்லை. சிக்னல் இல்லாத இடம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? இசக்கியம்மாள் ஸ்டூடியோவுக்கு வந்து, திட்டாமல் கொள்ளாமல் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவாள். அதற்குத் திட்டியிருக்கலாம். கம்ப்யூட்டரில் அவர் முகத்தைக் கூர்மையாக்கப் பார்த்தேன். குழம்பில் உப்புக் கூடினால் தண்ணீர் விடலாம். ஃபோகஸ் போனால் போனதுதான். கூர்மையைக் கூட்டக் கூட்ட முகம் பொரிபொரியாகி, கண் இருந்த இடத்தில் ரெண்டு குழி விழுந்தது. பயந்துபோய் எல்லாவற்றையும் அழிக்கப் போனேன். பிரிண்டை போனில் படம் பிடித்துப் புருஷனுக்கு அனுப்பிவிட்டு, அது போய்ச் சேராமலே காத்திருந்த செல்வி, அன்றைக்கு மாமியாரைக் கூட்டிப்போக வந்தவள்தான் தடுத்தாள்.

"அழிச்சிராதிய அண்ணாச்சி. புகையா இருந்தாலும் எம்பக்கத்துலதான நிக்காவ."

மறுபடியும் வரப்பில்

ஒருநாள் காலையில் ஸ்டூடியோ வாசலில் பெட்டியும் கையுமாக மாரியப்பன் நின்றார்.  தொட்டுப் பார்க்கலாமா என்றுகூட இருந்தது. பின்னாலேயே செல்வி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு. நான் ஃபில்டரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாதா கலர் படம், அதே வரப்பில் ரெண்டு பேரையும் ஒட்டி நிறுத்தி, ஃபோகஸை மறுபடி மறுபடி சரிபார்த்து எடுத்தேன். கையெழுத்து என்னாயிற்று என்று மெதுவாகக் கேட்டேன்.

"பேனாவ எடுத்துட்டேன் அண்ணாச்சி. அப்பதான் டவர் கெடச்சு இவ அனுப்புன படம் வந்துது. நான் இல்லாட்டா இவ எப்படி நிப்பான்னு பாத்துட்டேன்லா, பேனாவ மூடிட்டேன்."

ஒழுங்காக ஃபோகஸ் வைத்து நான் எடுத்த ஆயிரம் படங்களில் ஒன்றுகூட இதுவரை ஒரு ஆளை ஊருக்குத் திருப்பிக் கூட்டிவந்ததில்லை.