லோசனிக்கு வெட்டிய குழி

மதலேனாவுக்குக் கொலைக் கதைதான் பிடிக்கும். அதிலும் முதல் பக்கத்திலேயே கத்தியாவது பிணமாவது வந்து விழ வேண்டும். மழை, மேகம், மல்லிகைப்பூ என்று மூன்றாம் பக்கம் வரை இழுக்கிற எழுத்தாளனை அவள் மன்னிப்பதே இல்லை. "மழையப் பாக்க நான் ஏன் புத்தகம் எடுக்கணும்? கதவத் தொறந்தா போதாதா?" என்பாள். அப்புத்தளைக்குக் கீழே, வருடத்தில் பாதி நாள் பனிமூட்டத்தில் காணாமல் போகிற தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் கேட்கிற கேள்வி. நியாயந்தானே?

அவளுக்கு வயது நாற்பத்தாறு. சாதாரண தரப் பரீட்சை வரை படித்தாள். அங்கே கணக்குப் பாடம் குறுக்கே படுத்துக்கொண்டது. புருஷன் லூக்காஸ் வெலிமடையில் மரக்கறி லொறியோடு அலைகிறவர், சனிக்கிழமைதான் வீடு. பிள்ளைகள் இரண்டும் கொழும்பில். ஆக, சாயந்தரம் ரொட்டி சுட்டு அடுப்பை அணைத்தால் லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில் அவளும் புத்தகமும்தான். ஞாயிறு பூசைக்குப் போனால் பாட்டுப் புத்தகத்துக்குள்ளும் ஒரு கொலை ஒளிந்திருக்கும். "பிரசங்கத்துலயும் பாவந்தான், இதுலயும் பாவந்தான். இதுல கொஞ்சம் வெவரமாப் போட்டிருக்கு" என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

மலைநாட்டைப் பற்றி எழுதிய நாவல்களையும் அவள் விட்டுவைக்கவில்லை. படித்தாள், பொரிந்தாள். "நம்மள அழ வைக்காம ஒருத்தனுக்கும் பேனா ஓடாது. அட்டை கடிக்கும், கூரை ஒழுகும், கடைசில ஒருத்தி செத்துப்போவா. நாங்க இங்க வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிக்கிறது ஒருத்தன் காதுலயும் விழலியா?" காதல் கதை என்றால் இன்னும் மோசம். நாலு வருடம் ஒருத்தியைத் தூர நின்று பார்த்த கதாநாயகனைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள்: "வேல வெட்டி இல்லாத பய."

ஆனால் உயிருக்கு உயிரான கொலைக் கதைகள் மீதும் அவளுக்கு ஒரு தீராத கோபம் இருந்தது. "செத்தவளுக்கு ஒருத்தரும் அழுறதில்ல. பொலிஸ் வருது, துப்பறியிறவன் வர்றான், சிகரெட்டப் பத்த வைக்கிறான். ஒரு ஒப்பாரி உண்டா? வந்தவங்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணி உண்டா? நம்ம லயத்துல நாய் செத்தாக்கூட ரெண்டு பேரு நின்னு பாப்பாங்க."

மாதம் ஒரு தடவை பதுளைக்கு பஸ் ஏறி, புவாத் நானாவின் பழைய புத்தகக் கடையில் படித்ததைக் கொடுத்துப் படிக்காததை வாங்கி வருவாள். வாசித்ததை மறுநாள் மலையில் சொல்லியாக வேண்டும். கொழுந்து பறிக்க நிரை போட்டு நிற்கும்போது அவளுக்கு இரண்டு பக்கமும் நிற்க அடிபிடி. அவளோ "கதையில" என்றெல்லாம் ஆரம்பிக்க மாட்டாள். பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரியே சொல்லுவாள். வினை அங்கேதான் வந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை, தேயிலைச் செடியில் கை வைத்ததுமே சொன்னாள்: "லோசனி செத்துட்டா. கத்தியால குத்திட்டானுங்க."

லோசனி யார்? அட்டையில் ரோசாப்பூவும் கத்தியும் போட்ட புத்தகத்தில், புருஷனைப் பிரிந்து பெரிய பங்களாவில் தன்னந்தனியாக இருந்த பெண். முந்தின வாரம் முழுக்க அவள் கதைதான் நிரையில் ஓடியது. மலையிலேயே மூத்த பெரியாயி கேட்ட மாத்திரத்தில் "அடி என் தங்கமே!" என்று மூக்கைச் சிந்தினாள். தோட்டத்தில் எந்தச் செத்த வீட்டிலும் ஒப்பாரிக்கு முதல் குரல் அவளுடையது. கண்ணீரை முந்தானையிலேயே முடிந்து வைத்திருக்கிறவள்.

கதை எட்டாத அடுத்த நிரையில் நின்ற விஜயலெட்சுமிக்குப் பெரியாயியின் அழுகையும் லோசனி என்ற பேரும் போதுமாயிருந்தன. அவள் கங்காணியிடம் சொன்னாள். கங்காணி தலைவர் மாரிசாமிக்கு போன் போட்டார். தொழிற்சங்கத் தலைவர் என்றால் தோட்டத்தில் நல்லது கெட்டது இரண்டுக்கும் அவர்தான் முன்னே நிற்க வேண்டும். ஆட்டோ ஓடுகிற அஜந்தன் குத்துவிளக்குப் படம் போட்டு "ஆழ்ந்த இரங்கல்" என்று தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டான். எந்த லோசனி என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. தோட்டத்தில் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. செத்தது மேல்கணக்கில் என்று கீழே இருந்தவர்கள் நினைத்தார்கள். கீழ்க்கணக்கில் என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள்.

சாவு விழுந்தால் வேலை நின்றுவிடும். அது அங்கே எழுதாத சட்டம். தப்பு மேளம் முழங்கியது. பாதையில் வெள்ளைக்கொடி ஏறியது. ஜெயகுமாரும் கூட்டாளிகளும் மம்பட்டியோடு இடுகாட்டுக்குப் போய்க் குழி வெட்டத் தொடங்கினார்கள்.

"யாருக்கு என்னா ஆச்சி?" என்று மதலேனா கேட்டாள்.

"லோசனியாம்" என்றார் கங்காணி.

"அட மாதாவே! இங்கயும் ஒரு லோசனியா!" என்று நெஞ்சில் கை வைத்தாள் மதலேனா. வீட்டுக்கு ஓடி, செத்த வீட்டுத் தேத்தண்ணிக்கு ஒரு பொட்டலம் சீனி எடுத்துக்கொண்டு கீழ்க்கணக்குக் கூட்டத்தோடு மேலே நடந்தாள்.

பாதை வளைகிற கோயில் முடக்கில் எதிரே மேல்கணக்குக் கூட்டம் விறகும் தேயிலைத்தூளுமாக இறங்கி வந்தது. இரண்டு கூட்டமும் முகத்தோடு முகம் பார்த்து நின்றன.

"பொணம் எங்க?" என்று கேட்டது மேல்கணக்கு.

"ஒங்ககிட்டதானே இருக்கு!" என்றது கீழ்க்கணக்கு.

தப்பு அடிப்பதை நிறுத்தினார்கள். மாரிசாமி ஒவ்வொருவராகக் கிண்டினார். அஜந்தன் கங்காணியைக் காட்டினான், கங்காணி விஜயலெட்சுமியைக் காட்டினார். "மதலேனா அக்காதான் சொன்னிச்சி. பெரியாயி அக்காகூட அழுதிச்சே" என்றாள் விஜயலெட்சுமி. அத்தனை முகமும் திரும்பியது. கையில் சீனிப் பொட்டலத்தோடு நின்ற மதலேனாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தலைவரே, அது வந்து... புத்தகத்துல செத்தவங்க" என்றாள்.

மாரிசாமியின் மீசை துடித்தது. "புத்தகத்துலயா! இருநூறு பேரு வேலைய விட்டுட்டு நிக்கிறோம். தொரைக்கு நான் என்னா சொல்றது? பேப்பர்ல செத்தவளுக்கு லீவுன்னா?"

அதைவிடப் பெரிய சிக்கலை ஜெயகுமார் கொண்டுவந்தான். குழி வெட்டி முடிந்துவிட்டது. வெட்டின குழியைச் சும்மா விட்டால் அது ஆள் கேட்கும். அதில் இந்துவும் மாதா கோயில் வேதக்காரரும் ஒரே கட்சி. ஆளுக்குப் பதிலாக வாழைத்தண்டைப் போட்டு மூடலாம் என்றார் ஒருவர்.

"எதுக்கு வாழைத்தண்டு? அவ எதுல செத்தாளோ அதையே குழியில போடு" என்றார் மாரிசாமி. "இனிமே மலைக்குக் கதைன்னு ஒண்ணு வரக்கூடாது. சொல்லிட்டேன்."

கதை இல்லாத மலையில் ஒரு பகல் எவ்வளவு நீளம் என்று மதலேனாவுக்குத் தெரியும். புத்தகம் கொழுந்துப் பைக்குள் பொலித்தீனில் சுற்றிக் கிடந்தது. அவள் அதை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"தலைவரே, நானே முடிக்கல. கொன்னது யாருன்னுகூடத் தெரியாது."

குழிக்காரன் ஜெயகுமார்தான் வாயைத் திறந்தான். "கொன்னவன் யாருன்னு தெரியாம எப்படிண்ணே மூடுறது?"

"அதானே!" என்றது பின்னால் ஒரு குரல். மாரிசாமி சுற்றிப் பார்த்தார். ஊரோடு ஒத்துப் போகாத தலைவருக்கு அடுத்த தேர்தல் என்று ஒன்று இருக்கிறதே. "சரி, படிச்சித் தொலை" என்றார்.

கூட்டம் இடுகாட்டுக்குப் போனது. குழி மேட்டில் உட்கார்ந்து மதலேனா சத்தமாக வாசித்தாள். கொண்டுவந்த விறகில் தண்ணீர் கொதித்தது, சீனி சரியாகப் போட்டுத் தேத்தண்ணி சுற்றி வந்தது. புருஷன்காரன்தான் கொன்றான் என்று பெண்கள் பந்தயம் கட்டினார்கள். டிரைவர்தான் என்றான் அஜந்தன், எங்கேயும் பழி டிரைவர் தலையில்தான் விழும் என்ற அனுபவத்தில். கடைசியில் பார்த்தால் குடும்ப டாக்டர்! "டாக்டருக்கு ஊசி இருக்கு, மருந்து இருக்கு. கத்தி எதுக்குங்கிறேன்?" என்று கொதித்தது வேறு யாருமல்ல, மாரிசாமி.

கடைசி வரிக்கு வந்தாள். துப்பறியிறவன் கோட்டை மாட்டிக்கொண்டு நல்ல ஹோட்டலாகப் பார்த்துச் சாப்பிடப் போனான். முற்றும்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள் பெரியாயி. "அந்தப் புள்ளைய எடுத்துப் போட்டாங்களா? அவளுக்கு யாரு அழுதா?"

"அதெல்லாம் போடலக்கா" என்றாள் மதலேனா.

பெரியாயி எழுந்து முந்தானையை உதறினாள். "மாளிகையில பொறந்தவளே, மண்ணள்ள ஆளில்லையே" என்று குரல் எடுத்தாள். முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டார்கள். மதலேனா புத்தகத்தைக் குழியில் வைத்தாள். இத்தனை வருடம் எந்த எழுத்தாளனும் செய்யாததை இந்தச் சனங்கள் செய்கிறார்களே என்று அவளுக்கு அழுகை பீறிட்டது. ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள், தலைவரும் போட்டார். மூன்றாம் நாள் பெரியாயி பாலும் ஊற்றினாள். நாலாம் நாள் நிரைப் பக்கம் வந்த மாரிசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்தது எப்ப?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதுளைக் கடைக்கு வெறுங்கையோடு வந்தவளைப் பார்த்து, "பொஸ்தகம் எங்க தங்கச்சி?" என்றார் புவாத் நானா.

"அடக்கம் பண்ணிட்டோம் நானா."

முழுக்கதையும் கேட்டு நானா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மேசைக்கடியிலிருந்து ஒன்றை எடுத்தார். அதே ரோசாப்பூ, அதே கத்தி. "இது ரெண்டாம் பாகம். லோசனி சாகல்ல தங்கச்சி. செத்தது அவட ரெட்டைத் தங்கச்சியாம். இவ உசிரோட வாறா."

மதலேனாவுக்குக் கை பரபரத்தது. வாங்கி நாலு பக்கம் புரட்டினாள், இன்னும் நாலு புரட்டினாள். "செத்த புள்ளைக்குப் பேரு என்னா நானா?"

நானாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். "பேரு இல்லியே. தங்கச்சின்னு மட்டுந்தான் போட்டிருக்கு."

"படுபாவி! ஒரு பேருகூட வைக்காமலா கொன்னான்?"

புத்தகத்தைப் படாரென்று மேசையில் போட்டாள் மதலேனா. "இது எனக்கு வேணாம். குழிக்குள்ள இருக்கிறவதான் எங்களுக்கு லோசனி. அந்தப் பேரச் சொல்லித்தான் எரநூறு பேரு அழுதோம், அது அவளுக்கே இருக்கட்டும். உசிரோட வாறவ வேற பேரு பாத்துக்கட்டும்."