ஆறு குழி பக்கிரிசாமி

பாட்டிலைத் திறந்ததும் பக்கிரிசாமி குடிப்பதில்லை. முதல் மடக்கு தரைக்குத்தான். மின்னி பே கடற்கரை நடைபாதையானாலும் சரி, கல்யாண வீட்டு வாசலானாலும் சரி, ஒரு கையளவு ஊற்றிவிட்டுக் குனிந்துகொள்வார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே குளம் கட்டுகிறது என்று பார்த்தாக வேண்டும். "தேக்கோ மாஸ்டர், பானிக்குப் பொய் சொல்லத் தெரியாது. இந்த இடத்துல ரெண்டு இஞ்ச் வாட்டம் தப்பு. கான்ட்ராக்டர் ஏமாத்திட்டான்." அதற்கப்புறம்தான் மிச்சத்தைக் குடிப்பார். பள்ளிக்கூட வாத்தியாரான நான் அவரோடு நடக்கப் போய்ச் செருப்பு நனையாமல் திரும்பிய நாள் கிடையாது.

வயது அறுபத்து மூன்று. ஒல்லி. சட்டைப் பையில் பேனா இருக்காது, கூர் சீவிய பென்சில் மூன்று இருக்கும். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் கப்பலேறி வந்தவர். போர்ட் பிளேயரில் ஒரு சர்க்கார் அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் சங்கிலி இழுக்கும் ஆளாகச் சேர்ந்து, வரைவாளராக ஓய்வு பெற்றார். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் சொந்த வீடு. இதெல்லாம் பிழைப்புக் கணக்கு. அவரைக் கேட்டால் தன் தொழில் வேறு என்பார். அபர்தீன் பஜாரில் அடித்த விசிட்டிங் கார்டை நீட்டுவார். 'பக்கிரிசாமி, கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர்.'

இவர் கோல்ஃப் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இருபத்தெட்டு வயதில் பயிற்சிக்காக ஹைதராபாத் அனுப்பினார்கள். தங்கிய விடுதிக்குப் பின்னால் ஒரு கோல்ஃப் மைதானம். மூன்று வாரமும் சாயங்காலம் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஆட்டத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "நாம நிலத்தை அளந்து கோடு போட்டுட்டு வந்துடுறோம். அங்க ஒருத்தன் நிலத்தை நடக்க வெச்சிருந்தான் மாஸ்டர். ஏறு, இறங்கு, இங்க திரும்புன்னு."

அன்றைக்குப் பிடித்த பித்து. அளவைக்காக எந்தத் தீவுக்குப் போனாலும் அலுவலக வரைபடத்தோடு தனக்கென்று ஒன்று வரைந்துகொண்டு வருவார். கட்சால் தீவில் ரப்பர் மரவரிசைகளுக்கு நடுவே ஒன்பது குழிகள் போட்ட படம் ஒன்று இருக்கிறது. பார்த்தால் ஆளே இல்லாத அந்த மைதானத்தில் நடக்க ஆசை வரும். இப்படி முப்பத்தோரு படங்கள், சுருட்டிக் கட்டிலுக்கு அடியில். "அவங்கவங்க வீட்டு ஆம்பளைங்க மாடி கட்டுனாங்க. இவரு பேப்பர்ல குழி வெட்டுறாரு" என்று அவர் மனைவி மங்கையர்க்கரசி என்னிடம் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டுப் பார்த்து, அலுத்துப்போய், அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்ட குரல் அது.

பேர் எடுப்பது எப்படி என்பதில் அவருக்குத் தீர்மானமான கருத்து உண்டு. "படம் எத்தனை போட்டாலும் படம்தான். ஒண்ணே ஒண்ணு மண்ணுல நிக்கணும். அதுல நாலு பேரு நடக்கணும். நடந்தவன் போற எடத்துல, யாருப்பா போட்டதுன்னு கேக்கணும். பஸ், அவ்வளவுதான். மத்ததெல்லாம் தானா வரும்." அந்த ஒன்றுக்காக மெயின்லேண்டிலுள்ள பெரிய நிறுவனங்களுக்குப் பதினாறு வருடம் கடிதம் எழுதினார். படங்களின் நகலையும் வைத்து அனுப்பினார். பதில் என்று ஒரு வரி வரவில்லை. தபால் கப்பல் தாமதம் என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். மின்னஞ்சலுக்கு மாறிய பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் வினோத்குமார் வந்தான். நாலு தலைமுறையாகத் தீவிலேயே இருக்கும் குடும்பம். ஊருக்கு வெளியே, உப்பங்கழி ஓரத்துத் தென்னந்தோப்பில் ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தான். அங்கே ஆறு குழிகளுக்கு ஒரு சின்ன கோல்ஃப் மைதானம் வேண்டும். பக்கிரிசாமி கூலி வேண்டாம் என்றுவிட்டார். கேட்டது ஒன்றுதான்: நுழைவில் ஒரு கல், அதில் தன் பேர். "பக்கா அங்கிள், என் ஜுபான்" என்று வாக்குக் கொடுத்து அவர் கையைப் பிடித்தான் வினோத்குமார்.

எட்டு மாதம் அவர் வீடு தங்கவில்லை. சேறும் சிரிப்புமாக அலைந்தார். சின்ன மேடுகள், மணல் பள்ளங்கள், தென்னைகளுக்கு இடையே வளைந்து போகும் புல்வெளி. நான் போய்ப் பார்த்தேன். எனக்கு கோல்ஃப் தெரியாது. ஆனால் அந்தப் புல்லில் கால் வைத்தால் அது நம்மை அழைத்துக்கொண்டு போனது. நாலாவது குழியருகே திரும்பும்போது கடல் திடீரென்று தெரிய வேண்டும் என்பது அவர் திட்டம். குறுக்கே ஒரு பழைய மண் கரை நின்று மறைத்தது. அதை வெட்டிவிடச் சொன்னார்.

தோப்புக் காவல்காரர் ஒச்சப்பன் தடுத்துப் பார்த்தார். "வேணாம் சாப். பௌர்ணமி அமாவாசைக்கு தண்ணி ஏறும். அதுக்குத்தான கரை போட்டுருக்கு."

"எங்க ஏறும்? அந்தா இருக்கு பாரு பெஞ்ச்மார்க் கல்லு. நான் நட்டது. கடல்மட்டத்துக்கு எத்தனை ஒசரம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என் மைதானம் எந்த ஏத்தத்துக்கும் ரெண்டடி மேல நிக்குது."

சொன்னது உண்மை. அந்தக் கல்லை அவர் நட்டது தொண்ணூற்றாறில். எண் அவருக்கு மனப்பாடம். ஊரில் உள்ள முக்கால்வாசிக் கற்களின் எண்கள் அவருக்கு மனப்பாடம். அலுவலகத்தில் புத்தகத்தைப் புரட்டாமல் இவரைத்தான் கேட்பார்கள். திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் முன்னால் கரையை வெட்டினார்கள். கடல் தெரிந்தது. அன்று சாயங்காலம் அவர் எனக்கு போன் செய்து, "நாலாவது குழிகிட்ட நின்னுதான் பேசுறேன் மாஸ்டர், வந்து பாருங்க" என்றார்.

விழாவை மங்களகரமாகப் பௌர்ணமியில் வைத்திருந்தார்கள். காலை பத்து மணி. பந்தல், நாற்காலி, இளநீர். யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. வெட்டிய கரை வழியாகக் கடல் ரொம்ப மரியாதையாக உள்ளே வந்தது. முதலில் மணல் பள்ளங்கள் நிறைந்தன. பிறகு நாலாவது குழி, மூன்றாவது, ஐந்தாவது. விருந்தினர்கள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்து போனது. எங்கிருந்தோ ஒரு மீன் குதித்தது. அதற்குத்தான் முதல் சிரிப்பு எழுந்தது. அதன் பிறகு அடங்கவில்லை. ஒச்சப்பன் மட்டும் சிரிக்காமல் நாற்காலிகளைத் தூக்கிக் கரையில் அடுக்கினார்.

பக்கிரிசாமியைத் தேடினேன். முழங்கால் தண்ணீரில், அந்தப் பெஞ்ச்மார்க் கல்லின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "கல்லு எறங்கிடுச்சு மாஸ்டர்" என்றார். "ரெண்டாயிரத்து நாலுல ஊரே எறங்குச்சே, அப்பவே எறங்கிடுச்சு. மூணடிக்கு மேல. நம்பர் மட்டும் என் தலைக்குள்ள நின்ன எடத்துலேயே நின்னுடுச்சு."

சுனாமி அன்று பூகம்பத்தில் தீவே தாழ்ந்ததும், சிப்பிகாட் வயல்கள் கடலுக்குள் போனதும் இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். எவ்வளவு தாழ்ந்தது என்று கருவி வைத்து அளந்த குழுவில் இவரே இருந்தார். திருத்திய எண்களைப் புதுப் புத்தகத்தில் எழுதியது இவருடைய கைதான். எல்லாம் தெரிந்தவருக்கு, தான் நட்ட கல் என்றதும் பழைய எண்தான் நாக்கில் வந்தது. புத்தகத்தைத் திறக்கத் தோன்றவில்லை. இந்த ஊரில் இத்தனை வருடம் நிலத்தை அளந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

கரையைத் திரும்பப் போட்டார்கள். ஆனால் ஊறிய உப்பு போகவில்லை. மூன்று குழிகளில் புல் கருகிவிட்டது. அதற்குள் யாரோ எடுத்த வீடியோ மெயின்லேண்ட் முழுக்கச் சுற்றியது. மீன் குதிக்கும் மைதானத்தைப் பார்க்கவென்றே ஆட்கள் வர, வினோத்குமார் கரையில் ஒரு மதகு வைத்துப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடலை உள்ளே விட ஆரம்பித்தான். பஜாரில் பக்கிரிசாமிக்கு 'ஆறு குழி' என்று பேராகிவிட்டது. ஒத்துக்கொள்கிறேன்: பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் அந்தப் பேரை முதலில் சொன்னது நான்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆரம்பித்தது நான் என்று அவருக்குத் தெரியுமா, எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியமும் இல்லை.

போன மாதம் அவருக்கு மெயின்லேண்டிலிருந்து முதல் பதில் வந்தது. பெங்களூரில் ஒரு கல்லூரி. மைதான வடிவமைப்பில் எவையெல்லாம் செய்யக்கூடாது என்று ஒரு பாடம் நடத்துகிறார்களாம், அவருடைய வரைபடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். 'புகழ்பெற்ற' என்ற சொல் அதில் இருந்தது. அவர் படத்தைப் புதிதாக வரைந்து, தப்பான எண்ணைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பி வைத்தார். அன்று மங்கையர்க்கரசி அம்மாள் முதல் முறையாக என் முன்னால் அழுதார். "பதில் வரலைன்னு இருந்தப்பவே நல்லா இருந்தாரு மாஸ்டர்" என்றார்.

நுழைவில் தன் பேர் வெட்டி நட்டிருந்த கல்லை எடுத்துவிடும்படி வினோத்குமாரிடம் கேட்டுப் பார்த்தார். அவன் நல்லவன், அதுதான் கஷ்டம். "கைசே எடுக்கறது அங்கிள்? வாக்கு குடுத்துருக்கேன். உங்க பேரு எப்பவும் அங்கதான் ரஹேகா" என்று இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கறுப்புக் கிரானைட், வெள்ளை எழுத்து, இடுப்பு உயரம்.

நேற்று பௌர்ணமி. துணைக்கு வரச் சொன்னார், போனேன். பத்து மணிக்குத் தண்ணீர் வர ஆரம்பித்ததும் கூட்டம் செல்போனைத் தூக்கியது. கோயம்புத்தூரிலிருந்து வந்த புது ஜோடி ஒன்று நுழைவுப் பக்கம் வந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? இதைப் போட்டது யாருன்னு கல்லுல இருக்காமா. அதோட ஒரு போட்டோ" என்றாள்.

பக்கிரிசாமி கல்லின் எழுத்துப் பக்கத்தில் சாய்ந்து நின்றிருந்தார். அவளைப் பார்த்து அவரும் சிரித்தார். நகரவில்லை. இரண்டு கைகளையும் மெல்லப் பின்னால் கொண்டுபோய், உள்ளங்கைகளை விரித்து எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டார்.