ஆடாத பெல்கிராங்க்

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் என் தலைக்கு நேர் மேலே ட்ரோன் ஒன்று வந்து நின்றது. எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்கள். நான் அதற்குக் கம்பி எங்கே என்று தேடினேன். கம்பி இல்லாமல் அந்தரத்தில் நிற்கிற எதையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை. பிரியாணித் தட்டோடு நாற்காலியை நகர்த்தி நகர்த்திக் கடைசியில் கை கழுவுகிற இடத்துக்கே போய்விட்டேன். மணப்பெண் ரெமி அண்ணனின் மகள். ரெமி அண்ணனின் கல்யாணமே கம்பியில் தொங்கியதை நேரில் பார்த்தவன் நான். பயப்பட எனக்கு உரிமை உண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். கணக்கு வாத்தியார் கேள்வி கேட்டுவிடுவாரோ என்ற கவலையில் தினமும் வயிறு வலிக்கும். வயிறு பிழைக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தை விட்டேன். துறைமுகத்துப் பக்கம் தூண்டில், கயிறு, கம்பி விற்கும் கடையில் சேர்த்துவிட்டார்கள். சீலா மீன் நைலானைக் கடித்துவிடும் என்பதால் அந்தத் தூண்டிலுக்குக் கம்பிதான் கட்ட வேண்டும். கட்டிய இடம் ஆடக்கூடாது. ஆடினால் தேயும், தேய்ந்தால் அறும். என்னைப்போல் கவலைக்காரனுக்குக் கடவுளே பார்த்துக் கொடுத்த வேலை. ஒருவன் இரண்டு சுற்றுச் சுற்றுவதை நான் ஐந்து சுற்றுச் சுற்றுவேன்.

கட்டின்மேல் ஈயம் பற்றவைக்கும்போது பிசின் புகை கிளம்புமே, அதற்கும் மாதா கோயில் சாம்பிராணிக்கும் ஏதோ ஒன்றுவிட்ட உறவு உண்டு. இன்றைக்கும் பூசையில் தூபம் காட்டினால் எனக்கு ரெமி அண்ணனின் பொம்மை விமானம்தான் ஞாபகம் வரும்.

ரெமி அண்ணன் கப்பலில் இன்ஜினியர். லீவில் வந்தபோது சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ஒட்டிச் செய்கிற சின்ன விமானம், நிஜ இன்ஜினோடு. நாம் நடுவில் நின்று இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொள்ள, அது நம்மைச் சுற்றிப் பறக்கும். கம்பிகள் போய்ச் சேருகிற இடம்தான் பெல்கிராங்க். இறக்கைக்குள் ஒரு ஆணியில் மாட்டிய முக்கோணத் தகடு. ஒரு கம்பியை இழுத்தால் தகடு திரும்பி வால் மடலைத் தூக்கும், விமானம் ஏறும்; மற்றதை இழுத்தால் தாழ்த்தும், இறங்கும். அந்தக் கம்பிகளைக் கட்டத்தான் என்னைக் கூப்பிட்டார்.

பெட்டியோடு வந்த தாளில் படம் இருந்தது. அதில் கம்பியின் வளையம் தகட்டின் துளையில் தொளதொளவென்று கிடந்தது. வெளிநாட்டுக்காரன் அவசரத்தில் வரைந்திருப்பான் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். சீலாத் தூண்டிலுக்குக் கட்டுவதுபோல் இறுக்கிச் சுற்றி, ஈயம் வைத்து, மனது கேட்காமல் ஆணியின் மேலும் கொஞ்சம் ஈயம் வைத்தேன்.

"ஏலே, ஆட்டிப் பாரு."

"அசையலண்ணே."

"அப்பம் கெட்டிதான்."

இறக்கைக்குக் காகிதம் ஒட்டியபிறகும் எனக்கு நிம்மதியில்லை. கிழித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஈயம் வைத்து, மறுபடி ஒட்டினேன்.

அந்தச் சமயம் பிலோமி அக்காவை ரெமி அண்ணனுக்குப் பெண் கேட்டிருந்தார்கள். அக்காவின் அப்பா கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல். "லீவுல வந்து பொம்மைய வச்சு விளையாடுதான். இவன நம்பி எப்படிலே புள்ளையக் குடுக்க?" என்று எங்கள் கடை வாசலிலேயே கேட்டார். விமானத்தைக் கம்பியில் பிடித்து ஓட்ட வேண்டும் என்று நான் சொன்னதும் நின்றார். அவர்கள் வீடு சங்கு குளித்த வீடு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே படகில் அவன் மச்சான்தான் பிடிப்பான். தங்கச்சி முகத்துக்காகவாவது விடமாட்டான் என்று வழக்கம். "புடிக்க வேலையா? அப்பம் வந்து பாக்கேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, உப்பளத்தை ஒட்டிய காய்ந்த தரையில் கூடினோம். தண்டலோடு பிலோமி அக்காவும் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். ரெமி அண்ணன் கம்பிகள் மாட்டிய கைப்பிடியை இழுத்தார். வால் மடல் நகக்கண் அளவுக்கு மேலே அசைந்து அங்கேயே நின்றது.

"இறுக்கமா இருக்கேலே?"

"புதுசுல்லாண்ணே, போகப்போக இளகும்."

விமானம் கிளம்பி ஆள் உயரத்துக்கு ஏறியது. பிறகு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அண்ணனின் மணிக்கட்டு மேலும் கீழும் துடித்தது. விமானத்துக்கு அது பற்றி அக்கறையே இல்லை. அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது, அவரும் கூடவே சுழன்றார். கம்பி அறுந்தால் யார் தலை போகும் என்று கணக்குப் போட்டு நான் தரையில் குப்புறப் படுத்துவிட்டேன். குடைக்குள்ளிருந்து பிலோமி அக்காவின் குரல் கேட்டது: "ஏன் இப்படி ஊமையா சுத்துதாவ?"

ஒருவழியாக எண்ணெய் தீர்ந்து விமானம் தரை தொட்டது. ரெமி அண்ணன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தண்டல் நேரே போய் வால் மடலை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"சுக்கான் ஓடல."

எனக்கு உயிர் போய்விட்டது. அவர் திரும்பினார். "சுக்கான் மாட்டிக்கிட்டும் கையை விடல. ஒரு சத்தம் போடல. இப்படிப்பட்ட ஆள்தான் வேணும். எந்திரிங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்தபடி தலையை மட்டும் ஆட்டினார். அடக்கமான பையன் என்று எல்லோரும் மெச்சினார்கள். வாயைத் திறந்தால் காலையில் சாப்பிட்ட இடியாப்பம் வந்துவிடும் என்பது எனக்கு மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்தில் உப்புக் குவியலுக்குப் பின்னால் அவர் முதுகைத் தடவிவிட்டவன் நான்தானே.

அடுத்த லீவில் ஈயத்தைச் சுரண்டி, படத்தில் இருந்தபடியே தொளதொளவென்று கட்டினோம். பெல்கிராங்க் அருமையாக ஆடியது. கிளம்பிய வேகத்தில் விமானம் மூக்குக் குத்தி நொறுங்கிவிட்டது. நல்லவேளை, அப்போது கல்யாணம் முடிந்திருந்தது.

தண்டல் இப்போது இல்லை. அந்தத் தரை கண்டெய்னர் யார்டாகிவிட்டது, சுற்றிலும் மதில். வரவேற்பில் ட்ரோன் ஓட்டிய தம்பி என் முழியைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க அண்ணாச்சி, சிக்னல் போனாலும் தானா திரும்பி வந்துரும்" என்றான். அன்றைக்கு என் பயத்துக்கு ஒரு விலாசம் இருந்தது. இறக்கைக்குள் இரண்டு கட்டு, அவ்வளவுதான். கிழித்துப் பார்த்துவிடலாம்.

பந்தி அடங்கியதும் ரெமி அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மேடையில் நின்ற மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பையன்னுதாம்லே எல்லாரும் சொல்லுதாவ. நாம குடுத்துப் பாக்கத்தான் ஒரு கம்பி இல்ல."

நான் அண்ணாந்து ட்ரோனைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அது யார் கையிலும் இல்லாமல் தன்பாட்டுக்கு நின்றது.