மிலிட்டரி சார் ஓட மாட்டாருங்க

மிலிட்டரி சார் போயிட்டாருங்க.

காலைல மிஷின்ல உக்காந்து நூல் கோத்துட்டு இருந்தேன்… எங்கூட்டுக்காரர் போன் பண்ணுனாரு. "சென்னியப்பன் சார் இறந்துட்டாரு புள்ள"ன்னாரு.

இப்பத்தான் வெள்ளகோவில்ல சார் ஊட்டுக்குப் போயிட்டு வந்தோம். தப்புத் தப்பா டைப் ஆகுது. பொறுத்துக்கங்க.

தெரியாதவங்களுக்குச் சொல்லிர்றேன். பட்டாளத்துல பனி மலையில கெடந்துட்டு வந்து, பரீட்சை எழுதி, தீயணைப்புல சாதா ஃபயர்மேனா சேர்ந்தவரு. ஸ்டேஷன் ஆபீசரா ரிட்டயர்டு ஆனாரு. ஆனா நல்லூர்ல எங்க வீதிக்கு அவரு கடைசி வரைக்கும் மிலிட்டரி சார்தான்.

"அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க, இப்ப நான் தண்ணி ஊத்தற ஆளு"ம்பாரு. யாரு கேட்டா!

மொதல்ல பார்த்தது ஒரு பாம்புக்காக. அப்ப நான் ஒரு நிட்டிங் கம்பெனில செக்கிங் பார்த்துட்டு இருந்தேன். துணி ரோலைப் பிரிச்சா உள்ள சுருண்டு கெடக்குது! செக்கிங் புள்ளைங்க பூராம் டேபிள் மேல ஏறி நின்னு கத்து கத்துன்னு கத்தறோம்.

இவரு மெதுவா வந்தாரு, சாக்குல புடிச்சுப் போட்டுக் கட்டுனாரு. "அதுவும் வேலை கேட்டு வந்துருக்கும் கண்ணு… நீங்க போட்ட சத்தத்துல பயந்து போச்சு"ன்னாரு. அழுதுட்டு இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டோம்.

அப்பறம் அந்த ஆயுத பூஜை…

பனியன் கம்பெனில இருக்கறவங்களுக்குத் தெரியும். மிஷினைத் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, மிஷின் மேலயே சூடம் பொருத்துவோம். காலங்காலமா அப்பிடித்தான். மிஷினைத் தொடச்சோம் சரி… ஃபேன்லயும் ட்யூப்லைட்லயும் அப்பிக்கிட்டு நிக்கற பஞ்சுத் தூசியை யாரு பார்த்தா?

அந்த வருசம் எங்க கம்பெனில சூடத்துத் தீ அந்தத் தூசில குப்புன்னு புடிச்சுருச்சு. நாங்க கீழ இருந்தவங்க எல்லாம் வெளிய ஓடியாந்துட்டோம். மாடி ரூம்ல பீகார் ஆளுங்க லீவு நாளுன்னு படுத்துத் தூங்கிட்டு இருக்காங்க. எங்கூட்டுக்காரர் அங்கயேதான் ஃபிட்டர். "அவங்களை எழுப்பிட்டு வந்தர்றேன்"னு மேல போனவரு வரல.

படியில கருகருன்னு பொகை. நான் வீதில நின்னு அவரு பேரைச் சொல்லிக் கத்தறேன்.

ஃபயர் வண்டி வந்துது. வீதி பூராம் பைக்கு, உள்ள நுழைய முடியல. அங்கிருந்து ஹோஸை இழுத்துக்கிட்டு ஆளுங்களோட வர்றாரு மிலிட்டரி சார். எப்பிடி வர்றாருங்கறீங்க? நடந்து!

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம். அவரு சட்டையவே புடிச்சுட்டேன். "எம் புருசன் உள்ள வேகறாரு, நீங்க மாப்பிள்ளை ஊர்வலமா போறீங்க? ஓடுங்க சார்!"

கோபமே படல மனுசன். "ஓடுனா இங்கயே மூச்சு வாங்கிப் போயிரும் அம்மிணி. மூச்சு எனக்கு உள்ள வேணும்… படி எந்தப் பக்கம்?"

கையக் காட்டுனேன். போயிட்டாரு.

உள்ள இருந்து இந்தில சத்தம் மட்டும் கேட்டுது. "லேட்கே ஆவ்! லேட்கே ஆவ்!" படுத்துக்கிட்டே வாங்கன்னு அர்த்தமாம். பொகை மேல நிக்குமாம், தரையோரமாத்தான் கொஞ்சம் மூச்சு விடலாமாம். பட்டாளத்து இந்தி… அந்த ஆளுங்க ஒவ்வொருத்தரா தவழ்ந்து வெளிய வந்தாங்க.

எங்கூட்டுக்காரர் மட்டும் வரல.

உசுரே போயிருச்சுங்க எனக்கு. அப்பறம் பொகைக்குள்ள இருந்து மிலிட்டரி சார் வர்றாரு, தோள்ல மூட்டையாட்டம் எங்கூட்டுக்காரர். மேல் படியில விழுந்து முட்டி பேந்து கெடந்துருக்காரு.

என்ற முன்னால எறக்கி வெச்சு, "இந்தாங்க அம்மிணி, உங்கூட்டுக்காரர். பார்த்துக்கங்க"ன்னாரு. இருமிக்கிட்டே திரும்பி நெருப்பை அணைக்கப் போயிட்டாரு… இப்பிடியும் ஒரு மனுசன் இருப்பாரான்னு அப்பிடியே பார்த்துட்டு நின்னேன்.

அடுத்த வருசம் எங்க முதலாளியண்ணன் பூஜையே வேண்டாம்னுட்டாரு, பயம். பூஜையன்னைக்கு யாரோ வாசல்ல நிக்கறாங்கன்னு பார்த்தா மிலிட்டரி சார். கட்டட வேலைக்குச் சாந்து அள்ளற சட்டி நெறைய மணலோட!

வாசல்ல வெச்சாரு. "சூடத்தை இதுல பொருத்துங்க. சாமியை நீங்க கூப்புட்டா வாசலுக்கு வராதுங்களா?"

பூட்ஸைக் கழட்டிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, நின்னுக்கிட்டே ஒரு கைப் பொரி தின்னாரு. பக்கத்துக் கம்பெனிக்கு அடுத்த சட்டி. ரிட்டயர்டு ஆயியும் வந்தாருங்க, மொபெட்ல மணல் மூட்டையோட. இப்ப எங்க வீதில ஒரு கம்பெனிலயும் மிஷின் மேல சூடம் கெடையாது.

இன்னைக்கு அவரு ஊட்டு முன்னால அத்தன கூட்டம். பட்டாளத்துல கூட இருந்தவங்க, யூனிஃபார்ம்ல ஃபயர்காரங்க, சொந்தபந்தம்… அவரைத் தூக்கறப்ப எங்கூட்டுக்காரர் முண்டியடிச்சு முன்னால போயிட்டாரு.

சார் மச்சினன் தடுத்தாரு. "நீங்க யாருங்க? கால் வேற முடியாம நொண்டறீங்க… நாங்க தூக்கிக்கறோம், உடுங்க."

"என்னைய மாடியில இருந்து தோள்ல போட்டு எறக்குனவருங்க" அப்பிடின்னாரு இவரு. "வேன் வரைக்குமாச்சும் குடுங்க."

அந்த மச்சினன் நகர்ந்து எடம் விட்டாரு.

எங்கூட்டுக்காரர் நொண்டி நொண்டித்தான் நடந்தாரு. மத்தவங்களும் அவருக்காக அடி கொறச்சு மெதுவா நடந்தாங்க. ஒருத்தரும் அவசரப்படுத்தல.

நான் வீதி முக்குல நின்னு பார்த்துட்டே இருந்தேன். இந்தத் தடவ நான் கத்தல சார்.

மெதுவாவே போங்க.