தறியில் பதிந்த பாட்டு

எங்கள் கேசட்டைப் புகழ்ந்து எழுதியிருந்த பத்திரிகையை அண்ணன் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தான். பாராட்டுக்காக ஒரு வீடே நடுங்கியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்றும் அச்சில் புகழ்ச்சியைக் கண்டால் பத்திரிகையை மடித்துவைத்துவிடுவேன்.

எண்பதுகளின் தொடக்கம். உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக்குள் இருந்த பட்டுத்தறி முதலாளியுடையது. அதில் ஏற்றும் நீளவாட்டு நூலான பாவும் அவர் கொடுப்பதுதான். கொடுத்தால்தான் நைனாவுக்கும் அண்ணனுக்கும் வேலை; எங்கள் குடும்பத்திலேயே முதலாவதாகப் படிக்கப்போன என்னுடைய கல்லூரிப் படிப்பும் அதில்தான் ஓடியது. அங்கே நான் கிதார் பழகினேன். அண்ணன் சொந்தமாகப் பாட்டுக் கட்டுவான். சினிமா மெட்டு கலக்காமல் ஆறு பாட்டை, இரவல் டேப் ரெக்கார்டரில் பதிந்தோம். டிரம்ஸ் கிடைக்கவில்லை. அண்ணன் தறியை மிதித்துக்கொண்டே பாடினான். பலகை அடிக்கும் சத்தமே தாளம். ஒரு பாட்டு, நெய்த புடவையை நிறுத்து எடை குறைவென்று கூலியைப் பிடிக்கும் முதலாளியின் தராசுக்கு மட்டும் ஏன் பசி தீர்வதில்லை என்று கேட்டது. அதனாலேயே கேசட்டில் யார் பெயரையும் போடவில்லை. சென்னைச் சிறுபத்திரிகை ஒன்றுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். மற்றவை நண்பர்கள் வழியாகக் கைமாறின.

விமர்சகர் அந்தப் பாட்டைத்தான் தூக்கிப் பிடித்திருந்தார். நடுவே கிறீச்சிடும் மிதி, குரலைவிட அதிகம் பேசுகிறது என்றும் எழுதியிருந்தார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. யார் தறி எப்படிக் கத்தும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பெயரை மறைத்த நாங்கள் தறியை மறைக்கவில்லை. டீக்கடையில் கேசட்டைக் கேட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் நைனாவிடம் சிரித்தார்.

"இன்னா மாமா, உங்க தறி டீக்கடையில பாடிக்கினு கீது?"

அன்றிலிருந்து வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே, முதலாளியின் ஆளோ என்று நைனாவின் கை நின்றுவிடும். பாவு தீர்ந்தால் அடுத்ததைப் போய்க் கேட்க வேண்டுமே என்று அண்ணன் மெதுவாக நெய்தான். தீராமல் இருக்குமா? புடவைகளோடு மூவரும் முதலாளி வீட்டுக்குப் போனோம். அவர் புடவைகளை எடை போட்டார். தராசு முள் அசைவது நிற்கும்வரை நாங்கள் அதையே பார்த்தோம். பிறகு புதிய பாவை எடுத்து அண்ணன் கையில் வைத்தார்.

"பாடுப்பா, வேணான்னு சொல்லல. என் தறில பாடாதே."

மறுவருடம் டிரம்ஸ் வாடகைக்குப் பிடித்து இன்னொரு கேசட் செய்தோம். தராசு, முதலாளி எதுவும் இல்லாத பாட்டுகள். அதே விமர்சகர், குரலில் பயம்தான் கேட்கிறது, பாட்டு கேட்கவில்லை என்று எழுதினார். அண்ணன் அதை இரண்டு முறை படித்தான்.

"சரியாத்தான் எய்திக்கீறாரு" என்று சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கினான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தான்.