ராணியக்காவிடம் கிருபையைச் சொல்லப் போனேன்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிழக்குத் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். மேடவாக்கம் வரை முப்பது ரூபாய். அங்கிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு இன்னொரு ஆட்டோ.

"எந்த பிளாக்கு அக்கா? எல்லாம் ஒரே மாறி கீது. தப்பா எறங்குனா சுத்திகினே இருப்பீங்க" என்றார் ஓட்டுநர்.

ராணியக்கா எங்கள் சபைக்காரர். பல வருடங்களாக ஆலயத்தைப் பெருக்கினார். படுக்கையில் கிடந்தவர்களைக் குளிப்பாட்டினார். இப்போது அவருக்கே கல்லீரலில் புற்றுநோய். இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் அனுப்பிவிட்டார்கள். "அம்மா பயந்துகினே கீது. வந்து பேசுங்க டீச்சர்" என்று மகள் ஸ்டெல்லா அழைத்திருந்தாள். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவள் நான். சொல்ல வேண்டியது தெரியும் என்றுதான் கிளம்பினேன்.

ஆறாவது மாடி. ஒரே அறை. ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக்கின் துணிகள். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முகமெல்லாம் காமாலை மஞ்சள்.

"நான் பண்ணதெல்லாம் பத்தல டீச்சர்."

பிறகு சொன்னார். குடித்துவிட்டு வந்த கணவருக்கு ஒருநாள் அவர் கதவைத் திறக்கவில்லை. விடிந்து பார்த்தபோது வாசலிலேயே இறந்து கிடந்தாராம். அதற்காகத்தான் அத்தனை வேலையும்.

"எதையும் செஞ்சு ஈடுகட்ட வேணாம்க்கா. இயேசு செஞ்சு முடிச்சுட்டார். அவரை நம்பினா போதும்" என்றேன்.

"அதான் வரல. பெருக்கச் சொல்லு, இப்பக்கூட எழுந்து பெருக்கறேன். நம்பு நம்புன்னா அத்த எங்கேர்ந்து கொண்டாருவேன்?"

"விசுவாசத்தையும் அவர்தான்க்கா தர்றார்."

"எனக்கு ஏன் தரல?"

ஸ்டெல்லா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஜெபம் செய்தேன். என் காதுக்கே அது மனப்பாடம் போல ஒலித்தது.

கிளம்பும்போது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ நம்புற இல்ல?"

"ஆமாங்க்கா."

"அப்ப எனக்கும் சேத்து நீயே நம்பிடு."

சரி என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

திரும்பும்போது நேராகத் தாம்பரம் போகும் ஆட்டோ கிடைத்தது. அதில் இரண்டு பெண்கள் பட்டுப்புடவை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கண்களை மூடி, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முயன்றேன். மேடவாக்கம் தாண்டும்வரை அவருக்காக நம்பிப் பார்த்தேன். சேலையூர் வருவதற்குள் எனக்காகக்கூட நம்ப முடியவில்லை.